ஒரு இன்ஜின் நின்றாலும் விமானம் மேலே ஏறுமா? செல்போனில் இருக்கும் அதே சென்சார் அதை எப்படி அளக்கிறது?

இரண்டு இன்ஜின் கொண்ட ஒரு பயணிகள் விமானம் ரன்வேயில் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இனி பிரேக் போட்டு நிறுத்த முடியாது என்கிற வேகத்தைத் தாண்டியதும் ஒரு இன்ஜின் நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே இன்ஜினை வைத்துத்தான் விமானி மேலே ஏறியாக வேண்டும்.

இந்த நிலையிலும் விமானம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய சான்றிதழ் விதிகளின்படி, இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், சக்கரங்கள் உள்ளே மடங்கிய பிறகு அந்த விமானம் குறைந்தது 2.4 சதவீத ஏற்றத்தில் போக வேண்டும். அதாவது 1,000 மீட்டர் முன்னே போனால் 24 மீட்டராவது மேலே போயிருக்க வேண்டும்.

கேட்க ரொம்பச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ரன்வேக்கு அப்பால் இருக்கும் கட்டடத்தையும் குன்றையும் விமானம் தாண்டுமா என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்ட கணக்கை மட்டும் நம்பி இதற்குச் சான்றிதழ் தர முடியாது. யாராவது அந்த விமானத்தை ஓட்டி, அளந்து காட்ட வேண்டும். அதற்குச் சோதனை விமானிகளும் பொறியாளர்களும் நம்பியிருக்கும் முக்கியமான கருவிகளில் ஒன்று ஆக்சிலரோமீட்டர். அதன் சின்ன வடிவம் இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளேயே இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தப்பாகலாம், தப்பானால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம்.

ஆக்சிலரோமீட்டர் என்றால் என்ன?

தமிழில் முடுக்கமானி. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் திடீரென வேகமெடுத்தால் உடம்பு பின்னால் சாய்கிறது. பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதை அளந்தால், பஸ் எவ்வளவு வேகமாக வேகத்தை மாற்றுகிறது என்று சொல்லிவிடலாம். ஆக்சிலரோமீட்டர் செய்வது இதைத்தான். உள்ளே ஒரு சின்ன எடை, அதைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்பிரிங், எடை எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கும் ஒரு ஏற்பாடு. அவ்வளவுதான்.

செல்போனில் அந்த எடையும் ஸ்பிரிங்கும் சிலிக்கான் துண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவில் செதுக்கப்பட்டிருக்கும். போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் திரையும் திரும்புவது, நடந்த அடிகளை ஆப் எண்ணுவது எல்லாம் இதன் வேலை. விமானங்களில் பயன்படும் உயர்தரக் கருவிகளில் எடையை நகரவே விடாமல் மின்விசையால் பிடித்து வைப்பார்கள். பிடித்து வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதே அளவாகிவிடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மேசைமேல் சும்மா கிடக்கும் போனில் இந்த சென்சார் பூஜ்யம் காட்டாது. 1 ஜி காட்டும். 1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு, வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். அதே போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழும் நேரத்தில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும்.

காரணம் எளிமையானது. புவியீர்ப்பு அந்தச் சின்ன எடையையும் போனையும் ஒரே மாதிரி இழுக்கிறது. அதனால் சென்சாருக்கு ஈர்ப்பு நேரடியாகத் தெரியாது. மேசை போனைக் கீழே விழாமல் தாங்குகிறது அல்லவா, அந்தத் தாங்கும் விசைதான் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சோதனையின் மொத்தச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

விமானத்துக்குள் முதலில் எதற்காக வந்தது?

முதலில் இறக்கை உடையுமா என்று பார்க்கத்தான் வந்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில், வானில் பல்டி அடிக்கும்போதும் டைவ் அடித்து மேலே எழும்போதும் இறக்கைமேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது பெரும்பாலும் கணக்கிலும் ஊகத்திலும்தான் இருந்தது. நாசாவுக்கு முந்தைய அமைப்பான நாக்கா, விமானத்தில் பொருத்தும் ஆக்சிலரோமீட்டரை உருவாக்கியது. எஃகுப் பட்டை ஒன்று வளைய, அதனுடன் சேர்ந்த சின்னக் கண்ணாடி அசைய, அதில் பட்டுத் திரும்பும் ஒளி ஓடும் பிலிம் சுருளில் கோடு வரையும்.

1924 மார்ச் மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டிய மெக்குக் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற ராணுவ விமானி, ஃபாக்கர் பி.டபிள்யூ-7 போர் விமானத்தில் இந்தக் கருவியுடன் பறந்தார். டைவ், லூப், சுழற்சி என்று போரில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் கடுமையாகச் செய்து பார்த்தார். கருவி பதிவு செய்த அதிகபட்ச அளவு 7.8 ஜி. அதாவது அந்த நொடியில் இறக்கைகள் விமானத்தின் எடையைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கைத் தாங்கின.

மனித உடம்பைப் பற்றியும் அந்தச் சோதனை ஒன்றைச் சொன்னது. கண நேரம் வந்துபோகும் 7.8 ஜி-யை விமானி தாங்கிவிடுகிறார். ஆனால் 4.5 ஜி-க்கு மேல் சில சுற்றுகள் தொடர்ந்தால் சீக்கிரமே புலன்கள் மங்கத் தொடங்கிவிடும். இந்த வேலைக்காக டூலிட்டிலுக்கு விருது கிடைத்தது. இதுவே அவருடைய எம்.ஐ.டி முதுநிலை ஆய்வாகவும் ஆனது. பின்னாளில், 1942 ஏப்ரலில், டோக்கியோ மீதான அமெரிக்காவின் முதல் விமானத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான்.

இறக்கையின் பலத்தைச் சோதிக்க வந்த கருவி, பிறகு விமானத்தின் செயல்திறனை அளக்கவும் பயன்படத் தொடங்கியது.

செயல்திறன் என்றால் என்ன? ஒரு வரவு செலவுக் கணக்கு

இன்ஜின் விமானத்தை முன்னால் தள்ளுகிறது. இதை உந்துவிசை என்கிறோம். காற்று அதைப் பின்னால் இழுக்கிறது. இது இழுவிசை. உந்துவிசையைச் சம்பளம் என்றும், இழுவிசையை மாதச் செலவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் விமானம் அதே உயரத்தில், அதே வேகத்தில் போகும். கையில் மிச்சம் எதுவும் இல்லை.

சம்பளத்தில் மிச்சம் இருந்தால் அதை இரண்டு வழிகளில் செலவு செய்யலாம். ஒன்று, மேலே ஏறலாம். இல்லையென்றால் அதே உயரத்தில் வேகத்தைக் கூட்டலாம். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகவும் செய்யலாம். எவ்வளவு உயரம் போக முடியும், எவ்வளவு சீக்கிரம் ஏற முடியும், எவ்வளவு இறுக்கமாகத் திரும்ப முடியும், ஒரு இன்ஜின் போனால் என்ன மிஞ்சும் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இந்த மிச்சத்தில் இருக்கிறது.

ஆகவே சோதனைப் பறப்பின் வேலை, ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு வேகத்திலும் இந்த மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது.

பழைய முறை: ரம்பப் பல் ஏற்றம்

நேரடியான வழி, ஏறிப் பார்ப்பது. விமானி ஒரு குறிப்பிட்ட வேகத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டு, குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழிருந்து மேலே வரை ஏறுவார். ஸ்டாப்வாட்சில் நேரம் குறிக்கப்படும். பிறகு இறங்கி, வேறொரு வேகத்தில் மறுபடி ஏறுவார். மறுபடி இறங்குவார். இந்தப் பாதையை வரைந்தால் ரம்பத்தின் பற்களைப் போல இருக்கும். அதனால் ஆங்கிலத்தில் இதற்கு 'சாடூத் கிளைம்ப்' என்று பெயர்.

முறை நம்பகமானதுதான். ஆனால் ஒரு ஏற்றத்துக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். பத்து வேகம், ஐந்து உயரம், மூன்று எடை என்று வைத்தால் 150 ஏற்றங்கள். ஒவ்வொன்றும் எரிபொருள், பணம், நேரம்.

இன்னொரு சிக்கல் காற்று. மேலே போகப் போகக் காற்றின் வேகம் மாறும். எதிர்க்காற்று கூடிக்கொண்டே போகும் திசையில் ஏறினால் விமானம் இருப்பதைவிட நன்றாக ஏறுவது போலத் தெரியும். குறைந்துகொண்டே போனால் மோசமாகத் தெரியும். இதைச் சரிக்கட்ட எதிரெதிர்த் திசைகளில் ஏறி, சராசரி எடுக்க வேண்டும். ஏற்றங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும்.

ஜெட் போர் விமானங்கள் வந்ததும் இந்த முறை திணற ஆரம்பித்தது. கண் இமைக்கும் நேரத்தில் உயரத்தைத் தாண்டிவிடும் விமானத்தை நிலையான வேகத்தில் பிடித்து வைப்பதே கஷ்டம்.

சென்சாரின் குறை, இங்கே வரம்

மேசைமேல் கிடந்த போன் கதைக்குத் திரும்புவோம். ஆக்சிலரோமீட்டருக்குப் புவியீர்ப்பு தெரியாது. அப்படியென்றால், பறக்கும் விமானத்தில் அதற்குத் தெரிவது என்ன? இன்ஜின் தள்ளுவதும் காற்று இழுப்பதும் தூக்குவதும் மட்டும்தான்.

இப்போது விமானம் எந்தத் திசையில் பறக்கிறதோ, அந்தத் திசையை நோக்கிச் சரியாக ஒரு ஆக்சிலரோமீட்டரை வைப்போம். அது காட்டும் எண், உந்துவிசையிலிருந்து இழுவிசையைக் கழித்து, விமானத்தின் எடையால் வகுத்தால் வருவது. அதாவது நாம் தேடிய அதே மிச்சம்.

ஒரு உதாரணம். விமானத்தின் எடை 60,000 கிலோ. வேகம் வினாடிக்கு 150 மீட்டர், அதாவது மணிக்கு 540 கிலோமீட்டர். பறக்கும் திசையில் ஆக்சிலரோமீட்டர் 0.1 ஜி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மிச்ச விசை: 60,000 கிலோவில் பத்தில் ஒரு பங்கு. 6,000 கிலோ எடைக்குச் சமமான விசை.

இதை வேகத்தில் செலவழித்தால்: ஒவ்வொரு வினாடியும் வேகம் மணிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர் கூடும்.

இதை ஏற்றத்தில் செலவழித்தால்: 0.1-ஐ 150-ஆல் பெருக்கினால் 15. விமானம் வினாடிக்கு 15 மீட்டர் ஏறும். நிமிடத்துக்குச் சுமார் 2,950 அடி.

விமானம் நிஜமாகவே ஏறிக்கொண்டிருக்கிறதா, வேகம்தான் எடுத்துக்கொண்டிருக்கிறதா என்பது சென்சாருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். மிச்சத்தை எப்படிச் செலவழித்தாலும் அது காட்டும் எண் ஒன்றுதான். ஏறாமலேயே 'எவ்வளவு ஏறும்' என்று தெரிந்துவிடுகிறது. அது விசையை நேரடியாக உணர்வதால், உயரத்துக்கு உயரம் மாறும் காற்றும் பழைய முறையில் செய்த அளவுக்குக் கணக்கைக் கெடுப்பதில்லை.

இதே குழப்பம் மனிதக் காதுக்கும் உண்டு. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பும் ஒருவகை ஆக்சிலரோமீட்டர்தான். இருட்டில், வெளியே எதுவும் தெரியாத நேரத்தில் விமானம் வேகமெடுத்தால், மூக்கு மேலே தூக்குவது போல விமானிக்குத் தோன்றும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தினால் ஆபத்து. சோதனைப் பொறியாளருக்கு உதவும் அதே இயல்பு, கருவிகளைப் பார்க்காத விமானிக்கு எமனாகிவிடும்.

ஒரே ஓட்டத்தில் முழு வரைபடம்

இந்தக் கருவி இருந்தால் ரம்பப் பற்கள் தேவையில்லை. விமானி உயரத்தை மாற்றாமல், மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, முழு உந்துவிசை கொடுத்து, அதிகபட்ச வேகம் வரை ஓட்டுவார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த உயரத்தில் எல்லா வேகத்துக்குமான மிச்சமும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். எந்த வேகத்தில் மிச்சம் அதிகமோ, அதுவே சீக்கிரம் ஏறுவதற்கான வேகம்.

வெறும் வேகமானியை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் வேகமானி காற்றழுத்தக் குழாய்களை நம்பியிருப்பது. அழுத்தம் குழாய் வழியாக வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதோடு, வேகத்திலிருந்து முடுக்கத்தைக் கணக்குப் போட்டு எடுக்கும்போது வேகமானியின் ஒவ்வொரு சின்ன நடுக்கமும் பெரிதாகிவிடும். முடுக்கத்தை நேரடியாக அளக்கும் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மிச்ச விசையை வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்து வரும் அளவை ஆங்கிலத்தில் 'ஸ்பெசிஃபிக் எக்ஸஸ் பவர்' என்பார்கள். 1960-களில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டும் கணித வல்லுநர் தாமஸ் கிறிஸ்டியும் இந்த எண்ணை வைத்தே எதிரி விமானங்களோடு தங்கள் விமானங்களை ஒப்பிட்டார்கள். எந்த உயரத்தில், எந்த வேகத்தில் யாருக்கு மிச்சம் அதிகம் என்று வரைபடம் போட்டார்கள். பின்னால் வந்த போர் விமானங்களின் வடிவமைப்பையே அந்த வரைபடங்கள் பாதித்தன.

இன்னொரு சோதனையின் பெயர் 'ரோலர் கோஸ்டர்'. விமானி மூக்கை மெதுவாக அழுத்தி, உடம்பு மிதப்பது போன்ற நிலைக்குக் கொண்டுபோய், பிறகு மெதுவாக 2 ஜி வரை இழுப்பார். இங்கே இரண்டு ஆக்சிலரோமீட்டர்கள் வேலை செய்யும். மேல்நோக்கிப் பார்ப்பது இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்று சொல்லும். முன்நோக்கிப் பார்ப்பது இழுவிசையைக் கண்டுபிடிக்க உதவும். எவ்வளவு தூக்கினால் எவ்வளவு இழுக்கும் என்பதுதான் ஒரு விமானத்தின் ஜாதகம் மாதிரி. காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாதிரியை வைத்துக் கணித்தது நிஜ விமானத்துக்குப் பொருந்துகிறதா என்பது இங்கே தெரிந்துவிடும்.

ஒரு டிகிரி தப்பினால்?

மேலே 'பறக்கும் திசையை நோக்கிச் சரியாக' என்று ஒரு வார்த்தை வந்தது. மொத்தக் கஷ்டமும் அந்தச் 'சரியாக'வில் இருக்கிறது.

விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையும் அது போகும் திசையும் ஒன்றல்ல. ரன்வேயில் இறங்கும் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும், விமானம் கீழே வந்துகொண்டிருக்கும். எதிரே வரும் காற்றுக்கும் விமானத்தின் உடலுக்கும் இடையிலான இந்தக் கோணத்தை விமானிகள் 'ஆங்கிள் ஆஃப் அட்டாக்' என்பார்கள். தமிழில் தாக்கு கோணம். வேகம் மாறினால் இதுவும் மாறும்.

ஆக்சிலரோமீட்டரை உடலில் நிரந்தரமாகப் பொருத்தினால் அது மூக்குத் திசையைத்தான் பார்க்கும். தாக்கு கோணம் சரியாகத் தெரிந்தால்தான் அதைப் பறக்கும் திசைக்கு மாற்ற முடியும். அந்தக் கோணத்தில் 1 டிகிரி தப்பினால், இறக்கை தூக்கும் 1 ஜி-யில் ஒரு துளி முன்பக்கக் கணக்கில் கலந்துவிடும். அந்தத் துளியின் அளவு 0.0175 ஜி.

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 2.4 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரோமீட்டர் கணக்கில் அது 0.024 ஜி. ஒரு டிகிரி பிழை அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 60,000 கிலோ விமானத்தில் விதி கேட்கும் மிச்சம் 1,440 கிலோ விசை. ஒரு டிகிரி பிழை மட்டும் 1,050 கிலோ. நிஜத்தில் ஏறத் தடுமாறும் விமானம், காகிதத்தில் ஜம்மென்று ஏறுவது போலக் காட்டிவிடும்.

பத்தில் ஒரு டிகிரி தப்பினால்கூட 0.00175 ஜி. அதுவே அந்த 2.4 சதவீத அளவில் நூற்றில் சுமார் 7 பங்கு. அதனால் இந்தச் சோதனையில் பத்தில் ஒரு டிகிரிக்கும் சண்டை போடுவார்கள்.

அந்தக் கோணத்தை எப்படி அளக்கிறார்கள்?

சோதனை விமானங்களின் மூக்கில் நீளமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்திருக்கலாம். அதன் முனையில் அம்பின் இறகு போல ஒரு சின்னத் தகடு சுழலும். காற்று வரும் திசைக்கு அது தானாகத் திரும்பிக்கொள்ளும். உடலுக்கும் தகடுக்கும் இடையிலான கோணமே தாக்கு கோணம். சில சோதனைகளில் ஆக்சிலரோமீட்டரையே அந்தத் தகட்டோடு திரும்பும்படி வைத்தார்கள். அப்போது அது எப்போதும் காற்றின் திசையைப் பார்த்தபடி இருக்கும்.

இதிலும் வில்லங்கம் உண்டு. விமானம் வந்து சேர்வதற்கு முன்பே அதன் இறக்கையும் உடலும் முன்னால் இருக்கும் காற்றைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துவிடும். தகடு வளைந்த காற்றைத்தான் பார்க்கும், அதனால் கோணத்தைக் கூட்டிக் காட்டும். கம்பியை நீளமாக்கினால் இந்தப் பாதிப்பு குறையும். ஆனால் நீளமான கம்பி, விமானம் இழுத்துத் திரும்பும்போது வளைந்துவிடும். அதுவும் கோணத்தைக் கெடுக்கும்.

இதற்கு ஒரு எளிய சரிபார்ப்பு இருக்கிறது. அமைதியான காற்றில் உயரமும் வேகமும் மாறாமல் பறந்தால், விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி தூக்கியிருக்கிறதோ அதுதான் உண்மையான தாக்கு கோணம். வெவ்வேறு வேகத்தில் இப்படிப் பறந்து, தகடு காட்டுவதோடு ஒப்பிட்டுத் திருத்தப் பட்டியல் தயாரிப்பார்கள். அது முடிந்த பிறகுதான் மற்ற சோதனைகளின் எண்களை நம்புவார்கள்.

இன்னும் நான்கு திருத்தங்கள்

முதலாவது, சென்சார் இருக்கும் இடம். விமானத்தின் ஈர்ப்பு மையத்தில் வைப்பதுதான் சரி. அங்கே இடம் இல்லாமல் 5 மீட்டர் முன்னால் வைத்தால், மூக்கு வினாடிக்கு 10 டிகிரி வேகத்தில் எழும்போது சுழற்சி காரணமாக மட்டும் சுமார் 0.0155 ஜி பிழை வரும். இதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, சென்சாரின் சொந்தக் கோணல். எல்லா சென்சாரும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். ஆய்வகத்தில் நேராக வைத்தால் +1, தலைகீழாக வைத்தால் −1 காட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வரவில்லை என்றால், வருவதில் பாதிதான் அதன் பிழை. வெப்பநிலை மாறினால் இந்தப் பிழையும் மாறும். அதனால் குளிரிலும் சூட்டிலும் சோதிப்பார்கள்.

மூன்றாவது, எடை. ஜி எண்ணை விசையாக மாற்ற, அந்த நொடியில் விமானத்தின் எடை தெரிய வேண்டும். எரிபொருள் எரிய எரிய எடை குறைந்துகொண்டே வரும். எடையில் 1 சதவீதப் பிழை இருந்தால் விசையிலும் 1 சதவீதப் பிழை.

நான்காவது, இன்ஜின். ஆக்சிலரோமீட்டர் மிச்சத்தை மட்டும்தான் சொல்லும். சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இழுவிசை தனியாக வேண்டுமென்றால், இன்ஜினின் சுழற்சி, வெப்பம், அழுத்தம் போன்ற அளவுகளிலிருந்து உந்துவிசையைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். பறக்கும் இன்ஜினைத் தராசில் வைக்க முடியாது. இந்த இடத்தில் இன்றும் பொறியாளர்கள் மாதிரிக் கணக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எண் தப்பினால் என்ன ஆகும்?

சோதனை எண்களில் வரும் பிழை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு சோகமான சம்பவம் உண்டு. அது ஆக்சிலரோமீட்டர் பிழையால் நடந்தது அல்ல. ஆனால் டேக்-ஆஃப் செயல்திறனை அளக்கும் இதே வகைச் சோதனையில், தாக்கு கோணம் தொடர்பான கணிப்பு தப்பானதால் நடந்தது.

2011 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் ராஸ்வெல்லில், அப்போது சான்றிதழ் பெறாத கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானம், ஒரு இன்ஜின் நின்றுபோன நிலையில் எழும்பும் சோதனையைச் செய்துகொண்டிருந்தது. தரையை விட்டு எழுந்ததும் வலது இறக்கை தூக்குவிசையை இழந்தது. விமானம் சாய்ந்து இறக்கை முனை ரன்வேயில் உரசியது. தீப்பிடித்தது. உள்ளே இருந்த இரண்டு விமானிகளும் இரண்டு பொறியாளர்களும் உயிரிழந்தனர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. தரைக்கு மிக அருகில் இறக்கை எந்தக் கோணத்தில் தூக்குவிசையை இழக்கும் என்று நிறுவனம் கணித்திருந்ததோ, நிஜத்தில் அதைவிடக் குறைந்த கோணத்திலேயே இழந்தது. எழும்பும்போது இருக்க வேண்டிய வேகமும் தப்பாக, மிகக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்த வேகத்தை எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயன்றார்கள். முந்தைய சோதனைப் பறப்புகளிலேயே விமானம் தானாகச் சாய்ந்த சம்பவங்கள் நடந்திருந்தன. அவற்றைப் போதுமான அளவு ஆராயவில்லை என்று வாரியம் சுட்டிக்காட்டியது.

வேகத்தை எட்ட முடியவில்லை என்பதே கையில் இருந்த எண் தப்பு என்பதற்கான அறிகுறி. சோதனையின் வேலை அந்த எண்ணைக் கேள்வி கேட்பது.

அப்படியென்றால் போனை வைத்தே அளந்துவிடலாமா?

விமானம் ரன்வேயில் ஓடும்போது போன் சென்சாரைப் பார்த்தால் ஏதோ ஒரு எண் வரும். ஆனால் போன் சீட்டில் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, விமானத்தின் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு டிகிரிக்கே முக்கால் கணக்கு போய்விடும் என்னும்போது, கையில் பிடித்த போனை வைத்து என்ன சொல்ல முடியும்?

இன்றைய பயணிகள் விமானங்களில் மூன்று திசைக்கு மூன்று ஆக்சிலரோமீட்டர்களும், திரும்புவதை அளக்க மூன்று கைரோஸ்கோப்புகளும் சேர்ந்த வழிகாட்டும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதன் தரவையே சோதனைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முடுக்கத்தை வேகமாகவும் தூரமாகவும் மாற்றும்போது சின்னப் பிழையும் வட்டி போல ஏறும். 0.001 ஜி பிழை, 30 வினாடி நீளும் டேக்-ஆஃப் ஓட்டத்தில் சுமார் 4.4 மீட்டர் தூரப் பிழையாகும். அதே பிழை 10 நிமிடத்தில் ஒன்றே முக்கால் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதனால் ஜி.பி.எஸ்-ஐ ஜோடி சேர்க்கிறார்கள். நொடிக்குள் நடக்கும் மாற்றத்தை ஆக்சிலரோமீட்டர் பிடிக்கும். நேரம் போகப் போக ஏறும் பிழையை ஜி.பி.எஸ் திருத்தும்.

பயணிக்கு இதில் என்ன இருக்கிறது?

சோதனைகளில் கிடைத்த எண்கள் விமானத்தின் செயல்திறன் கையேட்டில் ஏறுகின்றன. ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் விமானிகள் அன்றைய வெப்பம், காற்று, ரன்வே நீளம், எடை ஆகியவற்றைக் கொடுத்துக் கணக்குப் பார்ப்பது அந்த எண்களை வைத்துத்தான். வழியில் இருக்கும் தடைகளைத் தாண்டுமா என்று பார்க்கும்போது, சோதனையில் நிரூபித்த ஏற்றத்திலிருந்து இரண்டு இன்ஜின் விமானத்துக்கு இன்னும் 0.8 சதவீதத்தைப் பாதுகாப்புக்காகக் கழித்துவிடுகிறார்கள். 2.4 என்பது 1.6 ஆகிவிடும்.

வெயில் கூடினாலும் உயரம் கூடினாலும் காற்று மெலிந்துவிடும். இன்ஜினின் தள்ளும் சக்தி குறையும், மிச்சமும் குறையும். கடல் மட்டத்திலிருந்து 10,600 அடிக்கு மேல் இருக்கும் லடாக்கின் லே விமான நிலையம் போன்ற இடங்களில் இது பெரிய பிரச்னை. மிச்சத்தை மீட்க இருக்கும் முக்கியமான வழி எடையைக் குறைப்பது. மலை சூழ்ந்த ஊரிலிருந்து புறப்படும் விமானத்தில் சில சீட்டுகள் காலியாக விடப்பட்டாலோ, சில பைகள் அடுத்த விமானத்துக்குத் தள்ளப்பட்டாலோ, ஒரு இன்ஜின் நின்றாலும் ஏறுவதற்கான அந்த மிச்சம் குறையாமல் இருக்க அப்படிச் செய்திருக்கலாம்.